மூன்றாம் பாட்டு

ஐயம்பெருமாள் எதற்கும் பிந்தித்தான் போவார். கல்யாண வீடு என்றால் கடைசிப் பந்தி, பஸ் என்றால் அடுத்த பஸ். இத்தனைக்கும் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து, பிந்தி வருகிறவர்களுக்கெல்லாம் ஆப்சென்ட் போட்டவர் அவர்தான். இதைச் சொல்லிச் சொல்லியே விக்கிரமசிங்கபுரத்தில் சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் சாவுக்கு மட்டும் முந்திக்கொண்டார். ஐப்பசியில் ஒரு காலை நேரம், காய்கறி வாங்கப் போகலாம் என்று செருப்பில் காலை நுழைத்தவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தார். மனைவி நீலாம்பாள் பையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நீலாம்பாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். துஷ்டி கேட்க வந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். வந்தவர்கள் தெருமுனை தாண்டுமுன் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அழுதிருந்தால் நடிக்கிறாள் என்றிருப்பார்கள், அழாததால் கல் நெஞ்சு என்றார்கள். ஊர் வாய்க்கு ஏதாவது ஒன்று மெல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அழுகை வராதது பற்றி நீலாம்பாளுக்குப் பெரிய கவலை கிடையாது. அவளை அரித்தது வேறு. அவருடைய குரல் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

முகம் மறக்கவில்லை. நடை மறக்கவில்லை. அவர் பேசியதெல்லாம் வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருந்தது. ஆனால் எதை நினைத்தாலும் அது அவளுடைய குரலில்தான் காதுக்குள் ஒலித்தது. அவர் கோபத்தில் சொன்னதும் அவள் குரலில், அவர் கொஞ்சிச் சொன்னதும் அவள் குரலில். குளிக்கும்போது, சோறு வடிக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை. மகள் சங்கரியின் கல்யாணத்தில் ஒரு கேசட் பிடித்திருந்தார்கள். யாருக்கும் தெரியாமல் அதைப் போட்டுக் கேட்டாள். நாதஸ்வரம் கேட்டது, யார் யாரோ சிரிப்பது கேட்டது. பெண்ணைப் பெற்றவர் சமையல் கட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் கேசட் தீர்ந்துபோயிருந்தது. அதில்கூடப் பிந்திவிட்டார். இதை யாரிடம் போய்ச் சொல்வது? குரலைக் காணோம் என்று சொன்னால் தண்ணீர் ஓதித் தெளிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

இப்படியே தையும் வந்தது. தொண்ணூற்றாறாம் வருஷத்துப் பொங்கல். துஷ்டி வீட்டில் பொங்கல் கிடையாது. வாசலில் கோலம் இல்லை, பானை ஏற்றவில்லை. பக்கத்து வீட்டு சாலோமி டீச்சர் ஒரு தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே போனாள். டீச்சருக்கு எதற்கெடுத்தாலும் கண்ணீர் வந்துவிடும். நீலாம்பாளுக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

சங்கரி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சின்ன வயதிலிருந்தே அப்பாவைப் போலவே இழுத்து இழுத்துப் பேசுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பில் பிள்ளைகள் சிரித்ததால் அதை விட்டுவிட்டு, மணியடித்தாற்போல் பேசப் பழகிக்கொண்டாள். பொங்கல் லீவுக்கு வந்தவள், அம்மாவைக் கையோடு அழைத்துப் போவது என்று முடிவு செய்துவிட்டாள்.

"யம்மா, இந்த வீட்ட வாடகைக்கு விட்டிருவோமா?"

"சரி."

"அப்பா கட்டில யாருக்காவது குடுத்திருவோமா?"

"சரி."

"ஏதாவது வேண்டாம்னாவது சொல்லேன்" என்றாள் சங்கரி. அதற்கும் நீலாம்பாள் சரி என்றாள். திங்கட்கிழமை காலையில் கிளம்புவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் சிறுவீட்டுப் பொங்கல். அது பெண்பிள்ளைகளின் பொங்கல். மார்கழி முழுக்கக் கோலத்தில் சாணி உருண்டை வைத்துப் பூசணிப்பூ செருகுவார்கள். அந்தச் சாணியைப் பூவோடு தட்டிக் காயவைத்திருப்பார்கள். தையில் ஒருநாள் முற்றத்தில் மண்ணால் சின்னதாக ஒரு வீடு கட்டி, அதன் முன்னால் பொங்கலிட்டு, சாயங்காலம் அந்தக் காய்ந்த தட்டுகளில் சூடம் ஏற்றித் தாமிரபரணியில் விடுவார்கள். பத்து வருஷமாகத் தெருவில் எல்லோரும் சேர்ந்து ரேடியோ செட்டும் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

ரேடியோ செட் காஜா முகைதீனுடையது. காலையிலேயே ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிவிட்டு நீலாம்பாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு காலத்தில் ஊர் டாக்கீஸில் பாட்டு போடுகிறவனாக இருந்தவன். ஐம்பது வயதாகியும் இந்தத் தெருக்காரர்களுக்கு அவன் டாக்கீஸ் காஜாதான்.

"யக்கா, வேப்பமரத்துக் குழாய் நேரா உங்க வீட்டப் பாத்துக்கிட்டு நிக்கி. துஷ்டி வீட்டுல பாட்டு விழுந்தா நல்லாருக்காது. ஆத்துப் பக்கமாத் திருப்பிருதேன்."

"சரி" என்றாள் நீலாம்பாள்.

துஷ்டி வீட்டைப் பார்த்துக் குழாய் கட்டக் கூடாது என்பது அந்த ஊர் மரியாதை. அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. குழாய் திரும்பியது. காலை முழுக்கப் புதுப்படப் பாட்டுகள் ஆற்றுக்கும் வயலுக்கும் கேட்டன. நீலாம்பாள் வீட்டுக்குள் ஏதோ மூட்டைக்குள்ளிருந்து வருவது மாதிரி முனகல்தான் வந்தது.

ஜன்னல் வழியாக எதிர்வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் மண்வீடு கட்டுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரிக்கு ஏழு வயதில் ஐயம்பெருமாளும் ஒரு வீடு கட்டினார். தெருவில் எல்லா வீட்டிலும் பொங்கி இறக்கிவிட்டார்கள். இவர் இன்னும் செங்கல்லும் களிமண்ணுமாக முற்றத்தில் குந்தியிருந்தார். முடித்துவிட்டு எழுந்தபோது பார்த்தால், வீடு அல்ல, டாக்கீஸ். டிக்கெட் கொடுக்கிற பொந்து, பெண்கள் போகத் தனி வழி, உச்சியில் காகிதத்தைச் சுருட்டி இரண்டு குழாய். "இது பொங்கல் வீடா, டாக்கீஸா?" என்று நீலாம்பாள் சத்தம் போட்டாள். "ஏன், சாமிக்குப் படம் பாக்க ஆச இருக்காதா?" என்றார் அவர். தெருவே கூடி நின்று சிரித்தது.

நீலாம்பாள் அதை நினைத்தாள். நினைத்தால் சிரிப்பு வரவேண்டும், அல்லது அழுகை வரவேண்டும். இரண்டும் வரவில்லை. சாமிக்குப் படம் பார்க்க ஆசை இருக்காதா என்பதும் அவளுடைய குரலிலேயே கேட்டது.

இந்த இடத்தில் டாக்கீஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மில் குடியிருப்புக்குப் பின்னால், ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. படம் போடுமுன் கூரைக் குழாயில் மூன்று பாட்டு போடுவார்கள். எப்போதும் அதே மூன்று. முதலில் நாதஸ்வரத்தோடு ஒரு பிள்ளையார் பாட்டு; டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தாயிற்று என்று அர்த்தம். அடுத்தது சைக்கிளில் போகிற ஒருவன் சீட்டியடித்துக்கொண்டே பாடுவது, கதவைத் திறந்தாயிற்று. மூன்றாவது ஒரு டூயட். பெண்குரல் தனியாக இரண்டு அடி பாடிய பிறகுதான் ஆண்குரல் வந்து சேரும். அது முடிந்ததும் படம். வாராவாரம் படம் மாறும், நடிகர்கள் மாறுவார்கள், பாட்டு மாறாது. ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டுகள் எந்தப் படத்தில் வருகின்றன என்றே தெரியாது. நீலாம்பாளுக்கும் தெரியாது. அவளுக்கு அவை பாட்டே அல்ல, கடிகாரம்.

முதல் பாட்டுக்கு அடுப்பை அணைப்பாள். இரண்டாம் பாட்டுக்குத் தலையை ஒதுக்குவாள். மூன்றாம் பாட்டுக்குப் பூட்டும் கையுமாக வாசலில் நிற்பாள். அவர் அப்போதுதான் சட்டையைத் தேடுவார்.

"ஏங்க, மூணாம் பாட்டு போட்டுட்டான்! வாரியளா இல்லையா?"

"எழுத்துதான போடுவான். பைய போலாம்."

படத்தின் ஆரம்பத்தில் யார் நடித்தது, யார் இசை என்று எழுத்து ஓடுமே, அதற்காகவா இப்படிப் பறக்கிறாய் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து டாக்கீஸை மூடுகிற வரைக்கும் அவர்கள் ஒரு படத்துக்காவது எழுத்துப் பார்த்ததில்லை. இருட்டில் யார் காலையாவது மிதித்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். யார் நடித்தது என்பதை மறுநாள் சாலோமி டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை சபையில் கீர்த்தனை பாடுகிறவள். சினிமாவுக்கு வந்தது போதகருக்குத் தெரிந்தால் வம்பு. விளக்கு அணைந்த பிறகு உள்ளே போய், விளக்கு எரியுமுன் வெளியே வந்துவிடுவாள். அந்த டீச்சர்கூட எழுத்து முழுவதையும் படித்துவிடுவாள். இவர்களால்தான் முடிந்ததில்லை.

நாலைந்து வருஷத்துக்கு முன் டாக்கீஸை மூடி உரக் குடோன் ஆக்கிவிட்டார்கள். பழைய ரெக்கார்டுகளையும் பெட்டியையும் காஜா முகைதீன் எடுத்துக்கொண்டான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீலாம்பாள் வெறுந்தரையில் படுத்தாள். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. இப்போதெல்லாம் அவளுக்கு நாள் முழுவதுமே அப்படித்தான். வெயில் சாய்ந்தது. ஆற்றுக்குப் போவதற்காகப் பிள்ளைகள் தெருவில் கூடுகிற சத்தம் கேட்டது. காஜா முகைதீன் புதுப்பாட்டுகளை நிறுத்திவிட்டுப் பழைய ரெக்கார்டுகளை எடுத்தான் போலிருக்கிறது. தூரத்தில், எங்கோ கிணற்றுக்குள், ஒரு பெண்குரல் தனியாகப் பாடியது.

மூன்றாம் பாட்டு.

நீலாம்பாள் சடக்கென்று எழுந்தாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்தாள். வாசலுக்கு வந்து, உள்ளே திரும்பி, வழக்கமான எரிச்சலோடு கத்தினாள்.

"ஏங்க, மூணாம் பாட்டு போட்டுட்டான்! வாரியளா இல்லையா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. எழுத்துதான போடுவான். அவர் குரல். 'எ'வைப் பிடித்து நீட்டி, மூக்கில் கொஞ்சம் தேய்த்து, அவசரமே இல்லாமல் வருகிற அந்தக் குரலேதான்.

காற்று திரும்பியது. பாட்டு முனகலாகித் தேய்ந்தது. அதோடு அந்தக் குரலும் போய்விட்டது.

"யாரம்மா கூப்புடுத?" என்று கையில் பழைய பேப்பரும் பாத்திரமுமாக அறையிலிருந்து வந்தாள் சங்கரி.

நீலாம்பாள் இப்போது கேட்டதை உடனே ஒருதரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எழுத்துதான போடுவான். அவளுடைய குரல். மறுபடி சொன்னாள். அவளுடைய குரல்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பாட்டு வேண்டும். இந்த வீட்டில், இந்த வாசலில், முழுச் சத்தத்தோடு வேண்டும். நாளைக்குப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டால் எந்த வாசலில் நின்று கூப்பிடுவாள்?

பூட்டைக் கையில் பிடித்தபடியே தெருவில் இறங்கினாள்.

"யம்மா! எங்க போற? இன்னிக்கு நல்ல நாளு, நீ போகக் கூடாதும்மா!" சங்கரி பின்னாலேயே வந்தாள்.

தாலி அறுத்து வருஷம் திரும்பாதவள் விசேஷக் கூட்டத்தில் போய் நிற்கக் கூடாது. அது நீலாம்பாளுக்கும் தெரியும். பட்டுப்பாவாடையும் தட்டுமாக நின்ற பிள்ளைகளுக்குக் குறுக்கே போகாமல் சுவரோரமாகப் பைய நடந்தாள். பேச்சு ஒவ்வொரு வாசலாக நின்றது. ஒருத்தி தன் மகளை இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டாள். நீலாம்பாளுக்கு அது உறைக்கவில்லை. மரத்துப் போனதில் இப்படி ஒரு சௌகரியமும் இருந்தது.

வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த காஜா முகைதீன் எழுந்து நின்றான்.

"தம்பி, குழாய என் வீட்டப் பாத்துத் திருப்பு."

"யக்கா... துஷ்டி வீடுல்லா?"

"எனக்குத் தெரியாதா? என் வீடுதான."

தெருவில் விழாவை முன்நின்று நடத்துகிற வன்னியராஜ் வேகமாக வந்தான். "மதினி, நீங்க போங்க. உங்களுக்குன்னுதான் திருப்பி வச்சிருக்கு. ஊரு ஒரு மாதிரி பேசும்."

"நாளைக்கு நான் போயிருவேன். பொறவு இருந்து பேசட்டும்."

காஜா முகைதீன் அவளையும் அவள் கையிலிருந்த பூட்டையும் பார்த்தான். "எந்தப் பாட்டுக்கா?" என்று கேட்டான்.

"மூணும் போடு. டாக்கீஸ்ல போட்ட மாதிரியே போடு."

ஆளை ஏற்றாமல் அவனே மரத்தில் ஏறினான். நீலாம்பாள் வீட்டுக்கு வந்து சேருமுன்பே பிள்ளையார் பாட்டு ஆரம்பித்துவிட்டது. குழாய் நேராக வீட்டுக்குள் இறைத்தது. அலமாரியில் பித்தளைச் செம்புகள் அதிர்ந்தன. சங்கரி காதைப் பொத்திக்கொண்டு, "உனக்கு என்ன ஆச்சும்மா? எல்லாரும் பாக்காவ" என்று அழாத குறையாகக் கேட்டாள். நீலாம்பாள் உள்ளே போய், எரியாத அடுப்பை ஒருதரம் அணைத்தாள்.

இரண்டாம் பாட்டு. சீட்டிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. கண்ணாடி முன் நின்று நரைத்த தலையை ஒதுக்கிக்கொண்டாள். நெற்றிக்குப் போன கையைப் பாதியில் இறக்கினாள்.

மூன்றாம் பாட்டு. பூட்டோடு வாசலில் நின்றாள். பெண்குரல் தனியாகத் தொடங்கியது.

"ஏங்க, மூணாம் பாட்டு போட்டுட்டான். வாரியளா இல்லையா?"

காத்திருந்தாள். பாட்டில் ஆண்குரல் வந்து சேர்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து எதுவும் வரவில்லை.

"ஏங்க..."

கூடத்தில் கட்டி வைத்த மூட்டைகள் இருந்தன. பின்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவர் இல்லை. இல்லை என்று அவளுக்கு ஐப்பசியிலிருந்தே தெரியும். இருந்தாலும் இப்போதுதான் தெரிந்தே கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பாட்டு முடிந்தது. ரெக்கார்டில் முள் கரகரவென்று ஓடுவது குழாய் வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. அவளுக்கு வருத்தமாகக்கூட இல்லை. நேரமாகிவிட்டது என்று மட்டும் தோன்றியது. வாசலில் கிடந்த செருப்புக்குள் காலை நுழைத்தாள்.

சங்கரி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "எங்கம்மா போற?"

"பிந்திட்டுட்டி. படம் போட்டுட்டான்."

சங்கரி பயந்துபோனாள். டாக்கீஸை மூடியாயிற்று அம்மா என்று சொல்லியிருக்கலாம். அப்பா இல்லை அம்மா என்று சொல்லியிருக்கலாம். யோசிக்க நேரமில்லாமல் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எழுத்துதானம்மா போடுவான். பைய போலாம்."

'எ'வைப் பிடித்து நீட்டி, மூக்கில் கொஞ்சம் தேய்த்துச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் வாயில் வராத இழுவை.

நீலாம்பாள் மகளின் வாயையே பார்த்தாள். பிறகு அவர் உட்கார்ந்த அதே படியில் உட்கார்ந்தாள். பூட்டு கையிலிருந்து விழுந்தது. முதலில் சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கிற்று. பிறகு தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதாள். அடுத்த ரெக்கார்டைக் கையில் எடுத்த காஜா முகைதீன் அதைப் போடவில்லை. பிள்ளைகள் தட்டுகளோடு அசையாமல் நின்றார்கள்.

"யம்மா, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலயே? யம்மா..."

நீலாம்பாள் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுட்டி."

சங்கரி வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை.

"பைய சொல்லு" என்றாள் நீலாம்பாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."